விசில் ஒத்திகையில் நான் சொன்ன சொல்

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியரை, அவருடைய அப்பா பார்த்துக்கொண்டிருக்க, கூடம் நிறைய ஆட்கள் கேட்க, நான் அவமானப்படுத்தினேன். அவர் வாசிப்பது தவறு என்றேன். தவறில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது.

நம் இசை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஊதுகருவி ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகி மேடம் கேட்டார். மூச்சு, விரல், தாளம் இவற்றை எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே கற்று வந்திருக்கிறீர்கள். நான் எழுதப்போவது வேறு. ஒரு சக ஆசிரியர் உங்களைவிட நன்றாக வாசிப்பதைக் கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நம் மையம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. புல்லாங்குழல் கற்க வருகிற பெரியவர்கள் பாதிப் பேர் சில வாரங்களில் நின்றுவிடுவார்கள். குழலில் ஒலி வருவதற்கே பொறுமை வேண்டும். வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு அது இருக்காது. அதனால் டின் விசில் வகுப்பைத் தொடங்கினேன். தகரக் குழாய், ஆறு துளை, வாயில் வைக்க ஒரு பிளாஸ்டிக் முனை. ஊதினால் ஒலி வந்துவிடும். குழலுக்குப் போகும் படிக்கட்டாகத்தான் நினைத்தேன். ஆனால் வந்தவர்கள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தாதியர், வங்கியில் வேலை செய்பவர்கள், ஒரு பேருந்து ஓட்டுநர் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நிறைந்தது.

விசிலுக்கு நான் வைத்திருந்த முறை ஆங்கிலப் பள்ளியில் எனக்கு ரெக்கார்டர் என்ற ஊதுகுழலைச் சொல்லிக்கொடுத்த முறை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கால் 'து' சொல்ல வேண்டும். து, து, து. தெளிவாகக் கேட்கும், சொல்லிக்கொடுக்க எளிது, தப்பைப் பிடிக்கவும் எளிது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் கர்நாடக முறையில் குழல் படித்தவன். ஒரே ஸ்வரம் இரண்டிரண்டாக வருகிற ஜண்டை வரிசையை என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த நாளில், நான் பள்ளிப் பழக்கத்தில் இரண்டாவது ஸ்வரத்துக்கு 'து' போட்டேன். அவர் குழலை என் வாயிலிருந்து எடுத்துவிட்டார். "நாக்கு சாப்பிடறதுக்குடா. இங்க விரலுக்குத்தான் வேலை," என்றார். மூச்சை அறுக்காமல், ஒரு விரலைக் கணநேரம் தட்டி எடுத்தால் அந்த இரண்டு ஸ்வரங்களும் தாமாகப் பிரிந்து நிற்கும். அதற்காக ஒரு வருடம் திட்டு வாங்கினேன். அந்தப் பாடம் இன்றுவரை என் விரலில் இருக்கிறது.

ஆனால் குழலை எடுத்தால்தான் அது விரலுக்கு வரும். விசிலை எடுத்தால் வராது. வீட்டில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம். நானும் அப்படியே, குழல் நம்முடையது, விசில் வெள்ளைக்காரனுடையது, அவனவன் முறையில் வாசிக்கவேண்டும் என்று மனத்துக்குள் இரண்டு அறைகள் கட்டி வைத்திருந்தேன். இரண்டுமே துளைகள் போட்ட குழாய்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது விசில் ஆசிரியராக அவர் வந்து சேர்ந்தார். மாணவர்கள் என்னைப் பெரிய சார் என்றும், கிள்ளான் ஊர்க்காரரான அவரைக் கிள்ளான் சார் என்றும் கூப்பிட்டார்கள். நானும் இங்கே கிள்ளான் சார் என்றே எழுதுகிறேன். முப்பதை எட்டாத வயது. மருத்துவம் படிக்க அயர்லாந்துக்குப் போனவர். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே போய் டாக்டராகத் திரும்புகிறார்கள். இவர் கடைசித் தேர்வுகளில் தவறி, உடம்பும் மனமும் கெட்டு, பட்டம் இல்லாமல் திரும்பினார். அங்கே தனியாகக் கிடந்த நாட்களில், வீட்டுக்குப் பக்கத்து மதுக்கடையில் வாராவாரம் கூடி வாசிக்கிறவர்களோடு போய் உட்கார்ந்து விசில் கற்றிருக்கிறார். ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு வாசித்த ஒரே ஆள் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் திரும்பி வந்த பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனால் யாராவது, "மகன் எப்பண்ணே கிளினிக் திறக்கிறாரு?" என்று கேட்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகனோடு கொமுட்டர் ரயிலில் ஏறி எங்கள் மையத்துக்கு வந்துவிடுவார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி, கையில் தமிழ் நாளிதழ். படிக்கிற மாதிரி இருக்கும், பக்கம் புரளாது. தாதியரும் பேருந்து ஓட்டுநரும் தன் மகனை "சார், சார்" என்று கூப்பிடுவதைக் கேட்கத்தான் அவர் வந்தார். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கிள்ளான் சாரின் வகுப்பை முதல்முறை கேட்டது நடைவழியில் வைத்து. ஒரே ஸ்வரம் மூன்று முறை தொடர்ந்து வந்தது. மூன்றும் தனித்தனியாகக் கேட்டன, ஆனால் இடையில் மூச்சு நிற்கவே இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேல் விரல் ஒன்று துளையிலிருந்து துள்ளி மறுபடி அமர்ந்தது. அதைக் 'கட்' என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் குழலில் தட்டுவதை அவர் விசிலில் தூக்கினார். வேறுபாடு அவ்வளவுதான். அது என் ஆசிரியரின் பாடம். என் விரலில் இருந்தும் நான் என் மாணவர்களுக்குத் தராத பாடம்.

கதவைத் தட்டி உள்ளே போய், "தம்பி, இது நம்ம ஜண்டை மாதிரி இருக்கே," என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே இருவரும் நண்பர்களாகியிருப்போம். நான் ஓசைப்படாமல் படியிறங்கிக் காப்பி குடிக்கப் போனேன். அடுத்தடுத்த வாரங்களில் என் வகுப்பிலிருந்து சிலர் அவருடைய வகுப்புக்கு மாறக் கேட்டார்கள். "நேரம் அங்கதான் வசதியா இருக்கு சார்," என்றார்கள். இரண்டு வகுப்பும் ஒரே நேரம்தான்.

அந்த ஆண்டுத் தீபாவளி விருந்தில் இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிப்பதென்று மேடம் முடிவு செய்தார். துள்ளி ஓடும் வேகமான அயர்லாந்து நடனமெட்டு. ஒத்திகைக்குக் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேசையில் முறுக்கும் ரோஸ் சிரப் கலந்த தண்ணீரும். கிள்ளான் சாரின் அப்பா வழக்கம்போல் கடைசி வரிசையில்.

சேர்ந்து வாசித்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவருடைய ஆட்கள் ஒரே இழுப்பில் ஓடினார்கள். என் ஆட்கள் து, து, து என்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். மூன்றாவது முறையும் அப்படியே ஆயிற்று. பேருந்து ஓட்டுநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம், எனக்கு நாக்கு சுளுக்கிக்கிச்சி. இதுக்கு எம்சி கிடைக்குமா?" என்று மருத்துவ விடுப்புச் சீட்டுக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மேடம், "சார், ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா வாசிக்கிறாங்க. கேக்க நல்லாவே இல்ல லா. எது சரியோ அதையே எல்லாரும் வாசிக்கட்டும்," என்றார்.

கிள்ளான் சார் என்னைப் பார்த்துப் பணிவாகத்தான் சொன்னார். "சார், இது ஓடுற மெட்டு. எல்லா நோட்டுக்கும் நாக்கு போட்டா மூச்சு வெட்டிக்கிட்டே இருக்கும். உங்க கிளாஸுக்கு முக்கியமான இடத்துல மட்டும் கட் சொல்லிக் குடுத்துடவா? பத்து நிமிஷம் போதும் சார்."

அவர் உதவிதான் செய்ய வந்தார். பத்து நிமிஷம் போதும் என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. நான் இத்தனை வருடங்களாகச் சொல்லிக்கொடுத்ததைத் திருத்தப் பத்து நிமிஷம். கூடமே என்னைப் பார்த்தது. என் காது சொன்னதற்கு நேர்மாறாக என் வாய் பேசியது.

"நாக்கு போடாம வாசிக்கிறது சோம்பேறி வாசிப்பு. நோட்டை முழுங்குறதுக்குப் பேரு ஸ்டைலா? டாக்டருக்குப் படிக்கப் போயி, அதையும் பாதியில விட்டுட்டு, கடைசியில அங்கேருந்து இந்த அரைகுறையத்தான் கொண்டு வந்தீங்களா தம்பி?"

யாரும் சிரிக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் நாளிதழ் மடியும் ஓசை கேட்டது. கிள்ளான் சாரின் அப்பா அதை நான்காக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். மகன் அவர் போவதைப் பார்த்தார். பிறகு தன் மாணவர்களிடம் திரும்பி, "பெரிய சார் சொல்ற மாதிரியே வாசிச்சிடுங்க," என்றார். ஒத்திகை முடியும்வரை இருந்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. நேரம் இல்லை என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மேடம் என்னிடம் கேட்டபோது, "வேற நல்ல வேலை கிடைச்சிருக்கும்," என்றேன். அது என் இரண்டாவது பொய்.

தீபாவளி நிகழ்ச்சி நடந்தது. எல்லோரும் நாக்கால் வாசித்தார்கள். நடுவில் இரண்டு மூன்று விசில்கள் எச்சில் அடைத்து ஊமையாயின. எங்களுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தவறு செய்தவனுக்கு உடனே ஒரு கேடு வந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். எனக்குக் கைதட்டல் வந்ததால், நான் செய்தது சரிதான்போல என்று பல வருடம் இருந்துவிட்டேன்.

நீங்களும் இப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், பதில் உடனே வேண்டும் என்பார்கள். உடனே சொல்லவேண்டிய அவசியமே இல்லை. "ஒரு காப்பி குடிச்சிட்டு வந்து பேசலாம்," என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மானம் போய்விடும் என்று பயந்தேன். அன்று அந்தக் கூடத்தில் என் மானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு இரண்டு பேருடையது போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மேல்வரிசைப் பற்கள் போய்ப் பல்செட் வைத்தார்கள். வீட்டில் விசிலை எடுத்து 'து' போட்டால் நாக்கு பல்செட்டை இடித்து அது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் டக், டக் என்றது. அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "ஏங்க, விசிலு வாசிக்கிறீங்களா, டைப் அடிக்கிறீங்களா?"

நாக்கை விட்டுவிட்டு விரலால் பிரித்துப் பார்த்தேன். வரவில்லை. குழலில் ஐம்பது வருடமாக வருவது விசிலில் வரவில்லை. கிள்ளான் சாரின் விரல் துள்ளி அமர்ந்தது நினைவுக்கு வந்தது. பிறகு அந்த நாளிதழ் மடிந்த ஓசையும். விசிலை வைத்துவிட்டேன். மனைவி வந்து என்ன என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? போன் இருக்குல்ல?" என்றாள்.

மேடத்திடம் கிள்ளான் சாரின் எண் வாங்கினேன். பல நாள் எண்ணைத் திரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுத்தாமல் விட்டேன். கடைசியில் அழுத்தினேன்.

"நான்... பிரிக்பீல்ட்ஸ் விசில் சார் பேசறேன் தம்பி."

"சொல்லுங்க சார். நல்லா இருக்கீங்களா?"

நலம் விசாரித்த அந்தக் குரல் என்னை நிலைகுலையச் செய்தது. வேகமாகச் சொல்லிவிட்டேன். "தம்பி, அன்னைக்கு ஒத்திகையில நான் சொன்னது தப்பு. நீங்க வாசிச்சதுதான் சரி. எனக்கு அது அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் சிரித்தார். "அய்யோ சார். உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சுத்தான் நான் இத்தனை வருஷமா மன்னிச்சு வச்சிருந்தேன். இப்ப மொதல்லேருந்து திரும்ப மன்னிக்கணுமா லா?"

அவரே தொடர்ந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் கிள்ளான்ல டியூஷன் சென்டர்ல பயாலஜி எடுக்கறேன். நல்லாத்தான் போகுது. அப்பாதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. 'அதுவும் உனக்குச் சரியா வரலையா'ன்னு. அதோட நான் வீட்டுல வாசிக்கறதில்ல. டியூஷன் முடிஞ்சதும் அங்கேயே உக்காந்து வாசிச்சிட்டுப் போயிடுவேன்."

"நான் வந்து அப்பாகிட்டச் சொல்றேன்."

"சொன்னா நம்ப மாட்டாரு சார். வயசாயிட்டு, பாவம், நல்ல மனசுல பேசறாருன்னு நெனப்பாரு. வாசிச்சுக் காட்டணும். உங்களுக்குக் கட் வருமா?"

"வராது."

"அப்ப சனிக்கெழம மத்தியானம் வாங்க," என்றார்.

அப்படித்தான் நான் கிள்ளானுக்குச் சனிக்கிழமை மாணவனாகப் போக ஆரம்பித்தேன். மாணவர்கள் போன பிறகு வகுப்பறையில் நானும் அவரும் மட்டும். வெண்பலகையில் பாதி அழிந்த இதயப் படம் இருக்கும். அவர் என்னை ஏளனம் செய்யவில்லை, சலுகையும் காட்டவில்லை.

"நாக்கு நுனியக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால ஒட்டி வைங்க சார். அங்கேயே கெடக்கட்டும். இப்ப விரலத் தூக்குங்க. ஊகும். லேட்."

"தூக்கினேனே தம்பி."

"தூக்கினது ஒரு நோட்டாக் கேட்டிச்சி. கட் நோட்டாக் கேக்கக் கூடாது. ரெண்டு நோட்டுக்கு நடுவுல ஒரு கோடு, அவ்வளவுதான். கொசு கடிச்சா கை யோசிச்சிட்டா எழும்பும்?"

என் விரல் யோசித்தது. நாக்கு தன் இடத்தை விட்டுத் திருட்டுத்தனமாக மேலே வந்து டக் என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், டக் வந்ததும் விரலை உயர்த்துவார். ஒருநாள் பொறுக்காமல், "குழல்ல எனக்கு இது தூக்கத்துலயும் வரும்," என்றேன். "அப்ப இதக் குழல்னு நெனச்சிக்கங்களேன் சார். அது என்ன, வேற சாதியா?" என்றார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் விசிலை எடுத்ததும் என் ஆசிரியர் திட்டுவதாகவே நினைத்துக்கொண்டு ஜண்டை வரிசையை வாசித்தேன். நாக்கு எழவில்லை. தட்டுவது வந்தது, பிறகு மெல்ல மெல்லத் தூக்குவதும் வந்தது. வேகம் வரவில்லை. "போதும் சார்," என்றார் கிள்ளான் சார். "எங்கப்பாவுக்கு இது போதும்."

ஒரு ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிள்ளானில் ஒரு வரிசை வீடு. அவருடைய அப்பாவே இரும்புக் கதவைத் திறந்தார். உடம்பு இளைத்திருந்தார், ஆனால் பார்வை கூர்மையாகவே இருந்தது.

"வாங்க சார். உக்காருங்க. கோப்பி குடிக்கிறீங்களா?"

"அண்ணே, நான் வந்தது..."

"தெரியும். மகன் சொன்னான். அதெல்லாம் பழசு சார். நீங்க வாத்தியார். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க."

"நல்லதுக்குச் சொல்லல அண்ணே. பொறாமையில சொன்னேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். நம்பவில்லை. மகன் சொன்னது சரிதான். கிழவன் ஒருவன் பெருந்தன்மையாகப் பேசுகிறான் என்ற பார்வை அது. மகன் அடுக்களையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார், கரண்டி ஓசை கேட்டது.

நான் விசிலை எடுத்தேன். "அண்ணே, இது நான் சொல்லிக்கொடுத்த விதம்," என்று அன்றைய மெட்டின் முதல் பகுதியை நாக்கால் வாசித்தேன். பல்செட் டக், டக் என்றது. அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். "இது அன்னைக்கு உங்க மகன் வாசிச்ச விதம்," என்று அதையே விரலால் வாசித்தேன். மெதுவாகத்தான். இரண்டு இடத்தில் விரல் தாமதமாயிற்று. ஆனால் மூச்சு அறுபடாமல் மெட்டு ஓடி முடிந்தது.

அவர் என் கையிலிருந்த விசிலைப் பார்த்துக் கேட்டார். "இதுல எது கஷ்டம்?"

"ரெண்டாவது."

"அன்னைக்கு உங்களுக்கு அது வருமா?"

"வராது அண்ணே. இப்பவும் பாதிதான் வருது."

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"உங்க மகன்தான். ஆறேழு மாசமா சனிக்கெழம வந்து கத்துக்கிட்டேன்."

இது அவருக்குப் புதுச் செய்தி. மகன் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. சார் இப்ப வாசிச்சாரே, சரியா வாசிச்சாரா?"

மகன் காப்பித் தட்டோடு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "இல்லப்பா. ரெண்டு எடத்துல லேட்."

"நான் கவனிக்கலையே."

"எனக்குக் கேட்டிச்சி."

அப்பா மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் வயதுக்காரன் ஒருவன் தன் மகன் சொல்வதைக் கேட்டு, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "அப்ப நீ வாசி," என்றார்.

கிள்ளான் சார் தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் விசிலையே வாங்கி, முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாசித்தார். அதை நான் விவரிக்கப்போவதில்லை. அன்று நடைவழியில் கேட்டதைவிட இன்னும் நன்றாக இருந்தது. இத்தனை வருடமும் அவர் காலி வகுப்பறையில் வீணாக உட்கார்ந்திருக்கவில்லை. அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கையில் எந்தத் தாளும் இல்லாமல், மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, "யாரு அங்கிள் வாசிக்கிறது?" என்று குரல் கொடுத்தார். "ஏன், என் மவன்தான்," என்றார் அவர். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்.

கிளம்பும்போது அவர் மட்டும் என்னோடு வாசல்வரை வந்தார். இரும்புக் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றார். என்னை மன்னிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க ஒரு தடவ சொன்னீங்க சார். நான் வீட்டுக்கு வந்து திரும்பச் சொன்னேன். உங்க வார்த்தைய அவன் அன்னைக்கே உதறிட்டிருப்பான்." கதவின் தாழ்ப்பாளை அசைத்துக்கொண்டே இருந்தார். "அவன்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. எப்படி ஆரம்பிக்கிறது? நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்கு உண்மையாகவே விடை தெரிந்தது அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. "சாப்ட்டியான்னு கேளுங்க அண்ணே. அப்புறம் நேரா, நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுங்க. ஏன் சொன்னேன்னு காரணம் மட்டும் சொல்ல ஆரம்பிச்சிடாதீங்க."

"காரணம் சொல்லக் கூடாதா?"

"கூடாது. அவரா கேட்டா சொல்லுங்க."

அவர் தலையசைத்தார். விடை சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

கிள்ளான் சாரை மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்தேன். மேடமும் அழைத்தார். அவர் வர மறுத்துவிட்டார். கோபம் இல்லை, டியூஷன் வேலை அதிகம் என்றார். அதை நான் நம்புகிறேன். பாதியை நம்புகிறேன். நான் பறித்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது விசில் வகுப்பில் நாக்கா விரலா என்று சந்தேகம் வந்தால் கிள்ளானுக்குப் போய்க் கேளுங்கள், சனிக்கிழமை மத்தியானம். முன்னதாகப் போன் செய்துவிட்டுப் போங்கள்.

நான் இன்னும் போகிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த சனிக்கிழமை, வகுப்பறையில் உட்கார்ந்து விசிலை வாயில் வைக்கும் முன்பே அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"சார், அப்பா பேசினாரு."

நான் விசிலைக் கீழே இறக்கினேன்.

"சாப்ட்டியான்னு கேட்டாரு. சாப்ட்டேன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஃபேன்ல ஏதோ சத்தம் வருதுபோலன்னு நெனச்சு நான் எந்திரிச்சிப் பாக்கப் போயிட்டேன். 'உக்காருடா'ன்னு ஒரு சத்தம் போட்டாரு. அதுக்கப்புறம்தான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"அது எங்க வீட்டு விஷயம் சார்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் சிவந்திருந்தது. "உங்களுக்கு லேட்டாகுது. வாசிங்க."

நான் வாசித்தேன். மூச்சு நீளமாக வந்தது. விரல் எத்தனை இடத்தில் பிந்தியது என்று அன்று அவர் சொல்லவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதே சந்தேகம்தான்.